பிள்ளை பிறந்த பிறகும் பார்க்க வேண்டிய சர்க்கரை

லெஸ்டர், இங்கிலாந்து

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கு நாங்கள் மூவரும் நலம். அங்கு நீங்களும் அப்பாவும் அம்மாயியும் நலமா? வளைகாப்பு முடிந்து தங்கை ஏற்காட்டுக்கு வந்துவிட்டாள் என்றும், குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்ததில் அவளுக்குச் சர்க்கரை 140-ஐத் தாண்டியிருக்கிறது என்றும், “பிள்ளை பிறந்தால் தானாக இறங்கிவிடும்” என்று எல்லோரும் ஆறுதல் சொல்கிறார்கள் என்றும் சொன்னீர்கள். இறங்கிவிடும் என்பது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் விஷயம் அத்தோடு முடிவதில்லை என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

நான் கர்ப்பமாக இருந்தபோது இங்கே முதல் சந்திப்பிலேயே, குடும்பத்தில் யாருக்குச் சர்க்கரை, யாருக்கு இரத்தக் கொதிப்பு என்று மிட்வைஃப் (பிரசவம் பார்க்கும் செவிலியர்) கேட்டு எழுதிக்கொண்டார். தெற்காசியப் பெண்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் நம்மவர்களுக்கு 24 முதல் 28 வாரங்களுக்குள் பரிசோதனை செய்கிறார்கள். (நம் ஊரில் 100 என்று எழுதும் அளவை இங்கே 5.6 என்று எழுதுவார்கள். என் அறிக்கையைப் பார்த்து அப்பா குழம்பியது அதனால்தான்.) கண்டுபிடிப்பதில் நாமும் பின்தங்கியவர்கள் அல்லர், வெறும் வயிற்றில் வராவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து ஒரே தடவையில் பார்க்கும் முறையைச் சென்னை மருத்துவர் வி. சேஷய்யா முன்னின்று பரப்பினார். பிரசவத்துக்குப் பிறகுதான் நம் வீடுகளில் கவனம் முழுவதும் குழந்தையின் பக்கம் போய்விடுகிறது.

கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலின் வேலை செய்வதைத் தடுக்கின்றன. கணையம் அதை ஈடுகட்டக் கூடுதலாகச் சுரக்க முடியாதபோது சர்க்கரை ஏறுகிறது. பிரசவத்தில் நஞ்சுக்கொடி வெளியேறியதும் சர்க்கரை இறங்கினாலும், கணையத்தின் அந்தப் பலவீனம் உடம்பில் இருக்கத்தான் செய்கிறது. அதனால் இப்படிப்பட்ட தாய்மார்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு மடங்குக்கும் மேல் என்கிறார்கள். கர்ப்பத்தில் இரத்த அழுத்தம் ஏறி முன்சூல்வலிப்பு (ப்ரீஎக்லாம்ப்சியா என்னும், வலிப்புக்கு முந்தைய ஆபத்தான நிலை) வந்தவர்களுக்கு இதய நோயின் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. எனக்கு இரண்டும் இருந்ததால் ஆண்டுதோறும் சர்க்கரையும் அழுத்தமும் பார்த்துக்கொள்கிறேன். குளிரிலும் சாப்பிட்டபின் சற்று நடக்காமல் இருப்பதில்லை. தங்கையும் மருத்துவர் அனுமதித்தால் மேடு ஏறாமல் ஏரிக்கரைப் பக்கம் மெதுவாக நடக்கலாம்.

அம்மாயி மனம் வருந்தாதபடி ஒன்றைச் சொல்லிவிடுங்கள். பிரசவ லேகியத்தில் சேரும் கருப்பட்டியும் சர்க்கரைதான். ஜவ்வரிசிப் பாயசமும் மரவள்ளிக்கிழங்கும் உடனே சர்க்கரையை ஏற்றக்கூடியவை. பத்தியம் என்று வெறும் சோறும் இரசமும் கொடுக்காமல், பருப்பு, கீரை, முட்டை, மீன் ஆகியவற்றைச் சேர்த்துச் சோற்றின் அளவைக் குறையுங்கள். தாய்ப்பால் கொடுப்பது அவளுக்கும் பிற்கால நீரிழிவைத் தள்ளிப்போட உதவும்.

பிரசவமான ஆறு வாரங்களுக்குள் கடும் தலைவலி, கண் மங்குதல், விலாவுக்குக் கீழ் வலி, முகவீக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும், அழுத்தம் 140/90-ஐத் தொட்டாலும் விடியட்டும் என்று காத்திராதீர்கள். பிரசவத்தையொட்டி இதயத் தசை தளரும் நோயும் உண்டு. அது குழந்தை பிறந்து ஐந்து மாதங்கள் வரை வரலாம். மல்லாந்து படுத்தால் மூச்சுத் திணறுவதையும் கால் வீங்குவதையும் பிள்ளை பெற்ற களைப்பு என்று எண்ண வேண்டாம். மலையிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கித்தான் சேலம் சேர வேண்டும் என்பதால் 108-ஐ உடனே அழையுங்கள்.

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் நாளிலேயே, ஆறாவது வாரச் சர்க்கரைப் பரிசோதனைக்குத் தேதி கேட்டு அப்பாவிடம் நாட்காட்டியில் குறிக்கச் சொல்லுங்கள். முடிவு வந்ததும் எனக்கு அனுப்புங்கள்.

உங்கள் அன்பு மகள்