சென்னையிலும் ஜெரேனியம் வளரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் நாளிதழின் மாடித்தோட்டப் பகுதியில், ஜெரேனியம் மலைப்பிரதேசச் செடி என்பதால் சென்னைக்கு ஆகாது என்று எழுதப்பட்டிருந்தது. கோடையைப் பொறுத்தவரை அது சரியே. ஆனால் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை, ஊட்டியிலிருந்து கொண்டுவந்த ஒரே செடியிலிருந்து பல போத்துகளை (நடுவதற்காக வெட்டியெடுக்கும் கிளைத்துண்டுகளை) வேர்பிடிக்க வைக்க முடியும் என்பதை மாம்பலத்தில் எங்கள் மொட்டை மாடியிலேயே கண்டிருக்கிறேன்.

பூக்காத கிளையில் சுமார் 10 செ.மீ. நீளத்துக்கு, கணுவுக்குச் சற்றுக் கீழே கூரிய கத்தியால் நறுக்கி, அடி இலைகளை நீக்கி, வெட்டுவாய் உலரும்வரை சில மணி நேரம் நிழலில் வைத்திருந்து நட வேண்டும். முதல் ஆண்டு, ரோஜாவுக்குச் செய்வதுபோல் பாலித்தீன் பையால் மூடிவைத்தேன். ஒரே வாரத்தில் தண்டின் அடி மை பூசியதுபோல் கறுத்து, தொட்டதும் கூழாகிவிட்டது. ஈரம் மிகுந்தால் பித்தியம் என்னும் நுண்ணுயிரி உண்டாக்கும் அழுகல் அது. இப்போது ஆற்றுமணலையும் தென்னைநார்த்தூளையும் சமமாகக் கலந்து நட்டு, மேல்பரப்பு காய்ந்த பிறகே நீர் விடுகிறேன் (தினமும் ஊற்றாவிட்டால் வீட்டில் பெரியவர்களுக்கு மனம் கேட்பதில்லை என்பது வேறு கதை). மூன்று, நான்கு வாரங்களில் வேர் விட்டுவிடுகிறது.

தோட்டக்கலைக் குறிப்புகளைச் சென்னையின் பருவங்களுக்கு ஏற்ப மாதவாரியாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், மேற்கு மாம்பலம், சென்னை