செயலாளரின் ஆண்டறிக்கை - 2025

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிருவாக சபை உறுப்பினர்களே, மாதர் சங்கத்தாரே, விளையாட்டுக் கழகப் பிள்ளைகளே, ஊரவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

எமது சனசமூக நிலையத்தின் 2025 ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கையைப் பொதுச்சபை முன் சமர்ப்பிக்கிறேன். வழமையான விடயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். தைப்பொங்கல் நிலைய முன்றலில் நடந்தது. சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு நடந்தது. வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு நடந்துபோன அடியார்களுக்குத் தண்ணீர்ப்பந்தல் போட்டோம். வாணிவிழாவும் முன்பள்ளிக் கலைவிழாவும் குறைவின்றி நடந்தன. வாசிகசாலைக்குப் பத்திரிகை ஒழுங்காக வந்தது. கூரையின் கிழக்குப் பக்கம் மாரி மழைக்கு ஒழுகியது, இன்னும் ஒழுகுகிறது. நிருவாகக் கூட்டம் மாதந்தோறும் கூட்டப்பட்டது. ஆட்கள் போதாமல் ஒத்திவைத்த கூட்டங்களும் உண்டு. வராதவர்களின் பெயர் வரவுப் புத்தகத்தில் இருக்கிறது, இங்கே வாசிக்கவில்லை.

இனி, இந்த ஆண்டு எங்கள் நிலையம் செய்த பெரிய வேலைக்கு வருகிறேன்: பிள்ளைகளின் உடற்தகுதியைச் சோதித்து, பெண்பிள்ளைகளுக்கு மைதானத்தைத் திறந்துவிட்ட வேலை. இதைப்பற்றிச் சந்தியிலும் கடையிலும் பலவிதமாகக் கதைக்கப்பட்டது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதியிருக்கிறேன். பொறுமையாகக் கேட்கும்படி வேண்டுகிறேன்.

மாசி மாதம் எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் தாய்மாருக்கு ஒரு கூட்டம் வைத்தார். வளர்ந்த பிள்ளைகளுக்கு, அதிலும் பெண்பிள்ளைகளுக்கு, இரத்தச்சோகையும் களைப்பும் கூடுதலாக இருப்பதாகச் சொன்னார். அந்தக் கூட்டத்தில்தான் நான் எழும்பி, எங்கள் பிள்ளைகளின் உடற்தகுதியை நாங்களே ஒருமுறை பார்த்தால் என்ன என்று கேட்டேன். உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் முன்வந்தார். பங்குனியில் மைதானத்தில் 20 மீற்றர் இடைவெளிவிட்டு இரண்டு சுண்ணாம்புக் கோடு போட்டோம். கோயில் ஸ்பீக்கரில் போனைப் பொருத்தி 'பீப்' சத்தம் போட்டோம். சத்தம் கேட்பதற்குள் அடுத்த கோட்டைத் தொட வேண்டும். மணிக்கு 8.5 கிலோமீற்றர் வேகத்தில் தொடங்கி, நிமிடத்துக்கு நிமிடம் அரைக் கிலோமீற்றர் கூடும்; அப்படிக் கூடும் ஒவ்வொரு கட்டமும் ஒரு படி. யார் எந்தப் படிவரை தாக்குப்பிடிக்கிறார் என்பதுதான் சோதனை. காசு தேவையில்லை, கருவி தேவையில்லை.

பத்துப் பதினொரு வயதுப் பிள்ளைகளில் ஆண், பெண் என்று பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சில சின்னப் பெண்பிள்ளைகள் பொடியன்மாரைவிட நன்றாக ஓடினார்கள். பதினான்கு, பதினைந்து வயதுக்கு வந்ததும் காட்சி மாறிவிட்டது. பொடியன்மார் படி படியாக ஏறிக்கொண்டு போனார்கள். பெண்பிள்ளைகளில் அநேகம் பேர் தொடக்கப் படிகளிலேயே நின்றுவிட்டார்கள். ஒரு பிள்ளை பாவாடையை ஒரு கையாலும் சால்வையை மறு கையாலும் பிடித்துக்கொண்டு ஓடினாள். இரண்டு கையும் வீசாமல் யார்தான் ஓட முடியும்? மூன்றாவது நிமிடத்தில் கோட்டிலேயே குந்திவிட்டாள். சின்ன வகுப்பில் இருந்தபோது இல்ல விளையாட்டுப் போட்டியில் 100 மீற்றரில் முதலாவதாக வந்த பிள்ளை அவள்.

"பொம்பிளைப் பிள்ளையள் என்றால் அப்பிடித்தானே" என்று அன்றே ஒருவர் சொன்னார். பிறகு கூட்டத்திலும் அதே கதை வந்தது. அதற்கு என்னுடைய பதிலை இந்த அறிக்கையில் பதிவு செய்ய விரும்புகிறேன்.

உடம்பில் வித்தியாசம் இருக்கிறது, அதை யாரும் மறுக்கவில்லை. பெண்பிள்ளைகள் ஆண்பிள்ளைகளைவிட ஓரிரண்டு வருடம் முந்தியே பருவமடைகிறார்கள். அந்த வயதில் அவர்கள் உடம்பில் கொழுப்புச் சற்றுக் கூடுவது இயற்கை, அது வேண்டியதும்கூட. ஆண்பிள்ளைகளுக்குப் பருவ வயதில் டெஸ்டஸ்டிரோன் என்ற ஆண் ஹோர்மோன் சுரந்து தசை கூடுகிறது, இதயமும் நுரையீரலும் பெருக்கின்றன, இரத்தத்தில் ஒட்சிசனைக் கொண்டுபோகும் ஹீமோகுளோபினும் கூடுகிறது. ஆகவே பதினாறு வயதில் ஆண்பிள்ளை வேகமாக ஓடுவான், தூரமாக எறிவான். மறுபக்கம், கால் நீட்டி இருந்து குனிந்து விரலைத் தொடும் சோதனை வைத்தோம். அதில் பெண்பிள்ளைகள் சுகமாகத் தொட்டார்கள், கரப்பந்தாட்ட வீரர்கள் பலர் முழங்காலுக்குக் கீழே போகவே திணறினார்கள். உடல் வளையும் தன்மையில் பெண்பிள்ளைகள் முன்னுக்கு நிற்பது எல்லா நாட்டிலும் கண்டதுதான்.

ஆனால் நான் கேட்கும் கேள்வி வேறு. பெண்பிள்ளை ஆண்பிள்ளையைவிட மெதுவாக ஓடுவது உடம்பின் காரியம். அவள் பதினொரு வயதில் ஓடிய அளவுகூடப் பதினைந்து வயதில் ஓட முடியாமல் இருப்பது யாருடைய காரியம்? அது எங்களுடைய காரியம். பிள்ளையை அடுத்த வீட்டுப் பொடியனோடு ஒப்பிடாமல், நாலு வருடத்துக்கு முந்திய அவளோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்றுதான் தாய் தகப்பன்மாரிடம் கேட்டேன், இன்றும் கேட்கிறேன்.

இது எங்கள் ஊரில் மட்டும் உள்ள குறையும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 146 நாடுகளின் தரவைத் திரட்டி 2019 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 11 முதல் 17 வயதுவரை உள்ள பிள்ளைகளில், 2016 ஆம் ஆண்டுக் கணக்குப்படி, போதியளவு உடலை அசைக்காதவர்கள் ஆண்பிள்ளைகளில் 100 பேருக்கு 78, பெண்பிள்ளைகளில் 85. இந்த வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு அசைவு வேண்டும், கிழமையில் மூன்று நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வேலை தரும் பயிற்சி வேண்டும் என்பதே அந்த நிறுவனத்தின் அளவு. ஆகவே பொடியன்மாரின் பெற்றோரும் நிம்மதியாக இருக்க இடமில்லை.

சோதனைக்குப் பிறகு மாதர் சங்கத் தலைவியும் நானும் வீடு வீடாகப் போய்ப் பெண்பிள்ளைகளோடு தனியாகக் கதைத்தோம். ஏன் மைதானத்துக்கு வருவதில்லை என்று கேட்டோம். ஒருத்திகூட விருப்பமில்லை என்று சொல்லவில்லை. மைதானத்தில் மலசலகூடம் இல்லை என்றார்கள். மாதவிடாய் நாட்களில் என்ன செய்வது என்றார்கள். மதிலில் குந்தியிருந்து பகிடி விடுகிறார்கள் என்றார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ரியூசன், ரியூசன் விட்டு வந்தால் தண்ணி அள்ள, தம்பி தங்கையைப் பார்க்க, பிறகு பொழுதுபட்டுவிடும்; பொழுதுபட்டால் காட்டுப் பக்கம் யானை. இதே பொழுதில் அண்ணன்மார் பந்தோடு மைதானத்தில் நிற்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, பிள்ளை பருவமடைந்து சாமத்தியவீடு நடந்த நாளோடு விளையாட்டு முடிந்தது என்று வீட்டில் ஒரு சட்டம். உழுத்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் கொடுத்து அந்தப் பிள்ளையின் உடம்பைத் தேற்றுகிறோம். தேற்றிய உடம்பை அறைக்குள் இருத்திவிடுகிறோம். எலும்பு பலம் சேர்க்கிற காலமே அந்த வயதுதான். ஓடிக் குதித்தால்தான் எலும்பு உரம் பெறும். இருபது வயதுக்குப் பிறகு அதைப் புதிதாகச் சேர்ப்பது கடினம்.

இவற்றைக் கேட்ட பிறகே சித்திரை மாத நிருவாகக் கூட்டத்தில் இரண்டு தீர்மானங்களைக் கொண்டுவந்தேன். ஒன்று, திங்கள், புதன், வெள்ளி பின்னேரம் நாலரை முதல் ஐந்தரை வரை மைதானம் பெண்பிள்ளைகளுக்கு. மற்றது, மைதான ஓரத்தில் உடைமாற்றும் அறையோடு ஒரு மலசலகூடம். இரண்டும் நிறைவேறின. எதிர்த்தவர்களும் கடைசியில் கை உயர்த்தினார்கள், அவர்களுக்கு நன்றி.

கட்டடம் ஆடியில் முடிந்தது. வெளிநாட்டில் உள்ள எங்கள் ஊர் உறவுகள் சீமெந்துக்கும் தகரத்துக்கும் உதவினார்கள். குழி வெட்டும் சிரமதானத்துக்கு வீட்டுக்கு ஒருவர் வரவேண்டும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தோம். வந்தவர்களில் பெரும்பகுதி மாதர் சங்கத்தினர். திறப்புவிழாவன்று படத்துக்கு நின்ற பலரைக் குழி வெட்டிய அன்று நான் காணவில்லை. 2009 இன் பின் மீளக் குடியேறியபோது இதே மைதானத்தில் கண்ணிவெடி அகற்றி முடியும்வரை சிவப்புப் பலகை நின்றது. பலகை எடுத்த பிறகு பற்றை வெட்டித் துப்புரவாக்க அன்றைக்கு ஊரே திரண்டது. அந்த ஒற்றுமையை நினைத்துத்தான் இதை மனவருத்தத்தோடு சொல்கிறேன்.

இன்னொரு வருத்தம். கட்டி முடித்து ஒரு மாதத்துக்குள் அந்த உடைமாற்றும் அறைக்குள் யாரோ உரப்பைகளை அடுக்கிவிட்டார்கள். உள்பக்கக் கொண்டியும் கழன்றுவிட்டது. உள்ளிருந்து பூட்ட முடியாத கதவுக்குப் பின்னால் எந்தப் பிள்ளை உடை மாற்றும்? பைகளை அகற்றிப் புதுக் கொண்டி பூட்டிவிட்டோம். சாவி மாதர் சங்கத் தலைவியிடம் இருக்கிறது.

மைதான நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உதைபந்தாட்ட அணிப் பிள்ளைகள் ஆரம்பத்தில் நாலரைக்கு மைதானத்தை விட்டுத்தர மறுத்தார்கள். சுற்றுப்போட்டி வருகிறது என்றார்கள். கடைசியில் அணித்தலைவர் பொறுப்பெடுத்து, மதிலில் இருந்து பகிடி விட்டவர்களையும் அவரே கலைத்துவிட்டார். அவருக்குச் சபையின் பாராட்டு. ரியூசன் நேரத்தை ஒரு மணித்தியாலம் பிந்தி வைக்கும்படி கேட்ட கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை.

பிள்ளைகள் வலைப்பந்தாட்டம் விளையாடினார்கள், தாச்சி மறித்தார்கள், கயிறடித்தார்கள். பாவாடைக்குப் பதிலாக நீள் காற்சட்டையும் ரீசேட்டும் போடலாம் என்று தாய்மார் ஒத்துக்கொண்டதே பாதி வெற்றி. உற்சாகத்துக்கு நாங்கள் தூரத்தில் ஆள் தேடவில்லை. முள்ளியவளை அகிலத்திருநாயகி அம்மா 2023 இல் பிலிப்பைன்சில் நடந்த மூத்தோர் தடகளப் போட்டியில் ஓடிப் பதக்கம் வென்றபோது அவருக்கு 72 வயது. 2018 இல் ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தை இலங்கை வென்றபோது அந்த அணியின் தூணாக நின்ற தர்ஜினி சிவலிங்கம் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. எழுபத்திரண்டு வயதில் ஓடலாம் என்றால் பதினைந்து வயதில் ஏன் ஓடக் கூடாது என்று ஒரு பிள்ளையே தகப்பனிடம் கேட்டிருக்கிறாள்.

சாப்பாட்டைப் பற்றியும் தாய்மாரோடு கதைத்தோம். காலையில் ஒரு தேத்தண்ணியோடும் இரண்டு பிஸ்கட்டோடும் பள்ளிக்கூடம் போகும் பெண்பிள்ளைகள் இங்கே ஏராளம். டீசல் ஊற்றாத உழவு இயந்திரத்தை வயலில் இறக்குவது போன்றது அது. மாதவிடாயில் இரும்புச்சத்து இழப்பதால் பெண்பிள்ளைக்கு அது கூடுதலாக வேண்டும். முருங்கையிலையும் பொன்னாங்காணியும் வேலியிலும் வரப்பிலும் கிடக்கின்றன. கௌபி, பயறு எங்கள் தோட்டத்தில் விளைகின்றன. குளத்து மீனும் உண்டு. கீரைக்கு மேலே தேசிக்காய் பிழிந்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் அவ்வளவாகச் சேராது, ஒரு மணித்தியாலம் விட்டுக் குடிக்கலாம். பள்ளிக்கூடத்தில் தரும் இரும்புச்சத்துக் குளிசையைச் சில பிள்ளைகள் வயிற்றைப் பிரட்டுகிறது என்று எறிந்துவிடுகிறார்கள். சாப்பிட்ட பிறகு போட்டால் அவ்வளவு பிரட்டாது.

பொடியன்மாருக்கும் சொல்ல இருக்கிறது. ஓட்டத்தில் அவர்கள் முன்னுக்கு நின்றாலும், விளையாடி முடிந்ததும் கடைக்குப் போய்ச் சோடா குடிக்கிறார்கள். அரை லீற்றர் கோலாவில் பத்துத் தேக்கரண்டிக்கு மேல் சீனி இருக்கிறது. இரவு பன்னிரண்டு மணிக்கும் போனில் கேம் விளையாடுகிறார்கள். அந்த வயதுக்கு எட்டு முதல் பத்து மணித்தியாலம் நித்திரை வேண்டும். பீடியும், மாவா என்ற மெல்லும் புகையிலைக் கலவையும் பதினாறு வயதுக் கைகளில் இருப்பதை எல்லோரும் காண்கிறோம். 21 வயதுக்கு உட்பட்டவருக்குப் புகையிலை விற்கக் கூடாது என்று 2006 இலேயே சட்டம் வந்துவிட்டது. எங்கள் ஊர்க் கடைக்காரர்கள் எங்கள் ஆட்கள்தான், அவர்களைக் கையெடுத்துக் கேட்கிறேன்.

ஐப்பசியில், மழைக்கு முன், அதே கோட்டில் மறுபடி சோதனை வைத்தோம். கிழமையில் மூன்று நாளும் வந்த பெண்பிள்ளைகள் எல்லோருமே பங்குனியில் நின்ற படியைத் தாண்டினார்கள். இடையில் நின்றுபோன பிள்ளைகள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். சால்வையைப் பிடித்துக்கொண்டு ஓடிய அந்தப் பிள்ளை இந்த முறை இரண்டு கையும் வீசி ஓடினாள். அவளுடைய தாய் கோட்டுக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு சுற்றையும் உரத்து எண்ணினார். இந்தத் திட்டத்தை வீண்செலவு என்றவர்கள் அன்று அங்கே நின்றிருக்கலாம்.

கணக்கு விபரத்தைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், வரவு செலவு ஏறக்குறையச் சமமாக இருக்கிறது, கட்டடத்துக்குச் சற்றுக் கூடுதலாகச் செலவானது. பற்றுச்சீட்டுகள் அனைத்தும் கோவையில் உண்டு, பார்க்க விரும்புபவர்கள் பார்க்கலாம். சந்தாதான் பெரிய குறை. மாதம் 50 ரூபா. ஒரு சோடாப் போத்தலின் விலைகூட இல்லை. உறுப்பினர்களில் பாதிப்பேருக்குக் குறையாதவர்கள் நிலுவை வைத்திருக்கிறார்கள், இரண்டு மூன்று வருட நிலுவையும் உண்டு. வலைப்பந்து வாங்க நிலையத்தில் காசில்லாமல் மாதர் சங்கச் சீட்டுக்காசில் கைமாற்று எடுத்தோம். அந்தக் கடன் இன்னும் நிற்கிறது.

தலைவர், பொருளாளர், மாதர் சங்கம், கிராம சேவையாளர், குடும்பநல உத்தியோகத்தர், உடற்கல்வி ஆசிரியர், ஸ்பீக்கர் தந்த ஆலய பரிபாலன சபை, புலம்பெயர் உறவுகள், சிரமதானத்துக்கு வந்த அத்தனை பேருக்கும் நிலையத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். செயலாளர் பதவிக்கு இளையவர் ஒருவர் வந்தால் சந்தோசமாகப் புத்தகங்களை ஒப்படைப்பேன். யாரும் வராவிட்டால் தொடரவும் ஆயத்தம். யார் இருந்தாலும் திங்கள், புதன், வெள்ளி நாலரை மணி மாறக் கூடாது என்பதுதான் என் கோரிக்கை. மைதானத்துக்கு இரண்டு விளக்கு வேண்டும், யானைப் பயத்துக்கு அது உதவும். கூடவே நின்று பழக்க ஒரு பெண் பயிற்றுநர் வேண்டும். பள்ளிக்கூடக் காலத்தில் வலைப்பந்து விளையாடிய தங்கச்சிமார் நாலைந்து பேர் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். பெண்பிள்ளை இருக்கும் ஒவ்வொரு வீட்டில் இருந்தும் ஒரு பெரியவர், மாதத்தில் ஒரு பின்னேரமாவது அந்த மதிலில் வந்து இருந்தால் போதும்.

அடுத்த உடற்தகுதிச் சோதனை காலபோக அறுவடை முடிந்ததும், பங்குனி முதல் ஞாயிறு காலை ஆறரைக்கு. பத்து வயதுக்கு மேற்பட்ட எல்லாப் பிள்ளைகளையும் சாப்பிட வைத்து அனுப்புங்கள். கூட்டம் முடிந்ததும் பொருளாளர் வாசிகசாலை மேசையில் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு இருப்பார். நிலுவையில் ஒரு பகுதி கட்டினாலும் ஏற்றுக்கொள்ளப்படும்.

நன்றி. வணக்கம்.

செயலாளர்