அந்த சீடியை அலமாரியிலேயே வை

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். பசியாறிவிட்டு, தைக்க உட்காரும் முன் இதை எழுதி முடித்துவிடலாம் என்று பார்க்கிறேன். போனில் பேசினால் நீ பாதியிலேயே "சரிம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாய். அப்பாவுக்குச் சீனி இப்போது குறைந்திருக்கிறது. அக்கா பிள்ளைகளோடு போன வாரம் வந்து போனாள். சரி, வீட்டுச் செய்தி போதும்.

உன் வீட்டுக்குச் சாப்பிட வந்த நண்பர்கள் அலமாரியில் உன் அமெரிக்க ராக் குழு மெட்டாலிக்காவின் சீடிகளைப் பார்த்துப் பாராட்டிவிட்டு, நடுவில் அவர்களுடைய 'செயின்ட் ஆங்கர்' ஆல்பம் இருப்பதைக் கண்டு சிரித்தார்கள் என்றாய். அவர்கள் போனபிறகு அதை எடுத்து அட்டைப்பெட்டியில் போட்டுவிட்டேன் என்றும் சொன்னாய். விளையாட்டாகத்தான் சொன்னாய். எனக்குத்தான் சுருக்கென்றது. மெல்பர்னில் சொந்தக் காசில் வாங்கிய வீட்டில், கல்யாணமாகிப் பிள்ளையும் பெற்றவன், தனக்குப் பிடித்த பாட்டை விருந்தாளிக்குப் பயந்து ஒளித்து வைப்பதா?

அந்த ஆல்பம் எனக்குப் பிடிக்கும் என்று நினைத்துவிடாதே. இந்த விஷயத்தில் நான் உன் நண்பர்கள் கட்சிதான். 2003-இல் நீ ஈப்போ பட்டணத்துக்கு பஸ் ஏறிப் போய் அதை வாங்கி வந்தாய். தோட்டத்து லயத்து வீட்டை விட்டு தாமானுக்கு, இந்த வீடமைப்புப் பகுதிக்கு, குடிவந்திருந்த நேரம். முன்னறையில் என் தையல் மெஷின், பின்னறையில் உன் ரேடியோ. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு, அவ்வளவுதான். முழுதாக ஒருமுறை ஓட எழுபத்தைந்து நிமிடம். பக்கத்து வீட்டு அக்கா சுவர்மேல் எட்டிப் பார்த்து, "கூரைத் தகரம் மாத்துறீங்களா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார்.

அன்று ராத்திரி நீதான் எனக்கு விளக்கினாய். ஸ்நேர் டிரம்மின் அடித்தோலை ஒட்டி மெல்லிய கம்பிகள் இழுத்துக் கட்டியிருக்கும், அதனால்தான் வழக்கமாக 'சடக்' என்று கேட்கும், இந்த ஆல்பத்தில் அதைத் தளர்த்தி விட்டுவிட்டு வாசித்ததால் 'ணங் ணங்' என்கிறது என்றாய். பாட்டு நடுவில் கிட்டார் தனியாகப் பாயும் இடம் ஒன்றுகூட இல்லை என்றாய். பேஸ் கிட்டார்காரர் 2001-லேயே விலகிவிட்டார், தயாரிப்பாளரே அதை எடுத்து வாசித்திருக்கிறார், பாடகர் குடிப்பழக்கத்துக்குச் சிகிச்சைக்குப் போய்த் திரும்பி வந்தார், அவர்களுக்குள் ஒருவருக்கொருவர் பேச்சே சரியில்லை என்றெல்லாம் சொன்னாய். வெளிவந்ததும் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம், அடுத்த வருடம் அந்தத் தலைப்புப் பாட்டுக்கு கிராமி விருது. இவ்வளவும் வாங்கிய ஆல்பத்தை அவர்களுடைய ரசிகர்களே இருபது வருடம் தாண்டியும் ஏசுகிறார்கள் என்பதுதான் எனக்கு வேடிக்கை.

அப்போது எனக்கு இருந்த கவலை வேறு. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2001-இல், மலேசியாவில் பேப்பரைத் திறந்தால் 'பிளாக் மெட்டல்' என்ற முரட்டு ராக் இசை பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று ஒரே பரபரப்பு. பள்ளிக்கூடங்களில் பையன்களைச் சோதிக்கிறார்கள் என்று செய்தி. நீ கறுப்புச் சட்டையும் நெற்றியில் விழும் முடியுமாகத் திரிந்தாய். உன் அப்பா ரேடியோவைத் தூக்கி ஸ்டோரில் வைக்கச் சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன். பாட்டு போட்டிருக்கும்வரை பிள்ளை வீட்டில் இருக்கிறான் என்று தெரியும். அது ஓடுவது எனக்கு ஒரு வசதி. இசைக்காக இல்லை, சும்மா சொல்லி வைக்கிறேன்.

நீ அதை எப்படிக் கேட்டாய் என்று பலகைக்கு இந்தப் பக்கமிருந்து எனக்குத் தெரியும். மற்றவர்களுக்கு அந்தக் குழுவின் 1986 ஆல்பமும் 1991-இல் வந்த கறுப்பு அட்டை ஆல்பமும் காதில் நிறைந்திருந்தன. அதே மாதிரி எதிர்பார்த்து உட்கார்ந்தவர்களுக்கு 'ணங்' என்று விழுந்தால் ஆத்திரம் வராதா? உனக்கு அதுதான் முதல் மெட்டாலிக்கா. ஒப்பிட உன்னிடம் ஒன்றும் இல்லை. நீ கேட்டது மெருகேற்றாமல் விட்ட ஒரு கோபத்தை. பதினைந்து வயதில், தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப் பள்ளிக்குப் போய் யாரோடும் ஒட்டாமல் திரிந்த பையனுக்கு அது சரியாகப் பட்டிருக்கிறது. அப்படிப் பட்டதற்கு நீ யாரிடமும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை.

எனக்கும் அப்படி ஒன்று இருக்கிறது. உனக்குத் தெரியும், ஆனால் ஏன் என்று நான் உன்னிடம் சொன்னதில்லை.

2005-இல் இளையராஜாவின் 'திருவாசகம்' வந்தது. ஹங்கேரியில் புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவை வைத்துப் பதிவு செய்தது. மொத்தம் ஆறு பாட்டு. நம் கோயில் வெள்ளிக்கிழமைக் குழுவில் சேர்ந்து கேட்டோம். பாதிப் பேருக்கு முகம் சுளித்துவிட்டது. திருவாசகத்தை மோகன ராகத்தில் ஓதுவதுதான் வழக்கம், இவர் எங்கெங்கோ போகிறார் என்றார்கள். சிவபுராணத்தை 'நமச்சிவாய வாழ்க' என்று எடுக்காமல் நடுவிலிருந்து 'பொல்லா வினையேன்' என்று எடுக்கிறாரே என்றார்கள். ஓதுவார் தொண்டை இல்லை, சினிமாத் தொண்டை என்றார்கள். இடையில் இங்கிலீஷ் வேறு. எங்கள் குழுவின் பெரியவர் ஒருவர், "திருவாசகத்துக்கு உருகார் ஒரு வாசகத்துக்கும் உருகார், இதைக் கேட்டு எனக்கு உருகவில்லையே" என்று சொல்லி எழுந்து போனார். ராஜா பாட்டென்றால் உயிரை விடும் உன் சித்தப்பாவும் ஒருமுறை கேட்டுவிட்டு, பாட்டு எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

அவர்கள் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. இங்கிலீஷ் வரும் இடத்தில் எனக்கே கொஞ்சம் நெளியும். ஆனால் தம்பி, அதற்கு முன்பு நான் சிவபுராணம் கேட்டதெல்லாம் இழவு வீட்டில்தான். தோட்டத்தில் யார் செத்தாலும் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து அந்த மோகனத்தில் பாடுவோம். உன் பாட்டிக்குப் பாடியபோது ஊதுவத்தியும் சாமந்தியும் கலந்த அந்த வாடை வரிகளோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அதற்கப்புறம் கோயிலில் பாடினாலும் எனக்குப் பிணந்தான் ஞாபகம் வரும். வாய் பாடும், பொருள் உள்ளே போகாது. இந்த ஆல்பத்தில் வயலின்களெல்லாம் எழும்பி, அவர் 'பொல்லா வினையேன்' என்று எடுத்தபோதுதான், இது உயிரோடு இருக்கிறவன் தன்னைப் பற்றிப் பாடிக்கொள்வது என்று எனக்கு உறைத்தது. மணிவாசகர் செத்தவருக்காக எழுதவில்லையே! ராகம் மாறியதால்தான் அது நடந்தது. அவர்கள் எதைக் குறை என்றார்களோ அதுதான் எனக்கு வேலை செய்தது.

அதைப் பெரியவரிடம் போய் நான் வாதாடவில்லை. அவர் சின்ன வயதிலிருந்து மோகனத்தில் உருகியவர், அவருக்கு அந்த வழி திறந்திருக்கிறது, வேறு வழி எதற்கு? அடுத்த வெள்ளிக்கிழமையும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து மோகனத்திலேயே பாடினேன். வீட்டுக்கு வந்து என் சீடியைப் போட்டேன்.

இன்னொன்று. அந்த நண்பர்கள் மறுபடி சிரித்தால், "உங்களுக்குப் புரியலை, காலம் போகப்போகத்தான் தெரியும்" என்று ஆரம்பிக்காதே. அந்தப் பேச்சு எனக்கு ஆகாது. எல்லாருக்கும் புரிகிறது, பிடிக்கவில்லை, அவ்வளவுதான். ஊர் வெறுக்கிறது என்பதற்காகவே ஒன்றைத் தூக்கிப் பிடிக்கிறவர்களையும் எனக்குப் பிடிக்காது. ரஜினியின் 'பாபா' ஓடாமல் போனபோது நம் கடைக்கு வந்த ஒரு பையன், ரகுமான் போட்டதிலேயே அதுதான் சிறந்தது என்று மூன்று ரவிக்கை வெட்டி முடிக்கும்வரை பேசினான். ஒரு பாட்டைப் பாடிக்காட்டு என்றேன். தெரியவில்லை. உனக்கு அப்படி இல்லை. அந்தப் பதினோரு பாட்டும் வரிசையாக உனக்கு வரும், எனக்கே பாதி வரும். டிரம் சத்தம் மோசந்தான் என்று நீயே ஒத்துக்கொள், எனக்குப் பிடிக்கும் என்று சேர்த்துச் சொல், சாப்பாட்டைப் பரிமாறு. மீன் கறி நன்றாக இருந்தால் பேச்சு தானாக மாறிவிடும்.

ஆக, அதை எடுத்துப் பழைய இடத்திலேயே வை. மருமகள் ஒன்றும் சொல்லமாட்டாள், அவள் உன்னோடு காடியில் போகும்போது அதைக் கேட்டே பழகியவள். பேத்தி தூங்கும்போது மட்டும் போடாதே.

தீபாவளிக்கு வரும்போது சீடி போடுகிற ரேடியோ ஒன்று பார்த்து வாங்கி வா. இங்கே ஈப்போவில் கேட்டால் இப்போதெல்லாம் போனிலேயே கேட்கலாமே என்கிறார்கள். எனக்கு அந்த ஆறு பாட்டும் வரிசை மாறாமல் வரவேண்டும். வீட்டில் இருப்பது மூன்றாவது பாட்டிலேயே நின்றுவிடுகிறது. அதுவரைக்கும் போதுமே என்கிறார் உன் அப்பா.

அன்புடன்,
அம்மா
சுங்கை சிப்புட்