கண்ணாடிக்குள் பூட்டிய புறநானூறு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கல்லூரி நூலகங்களில் நடக்கும் புத்தகக் காட்சிகள் பற்றி உங்கள் இதழில் அவ்வப்போது படத்தோடு செய்தி வருகிறது. ரிப்பன் வெட்டுகிறார்கள், மாணவிகள் வரிசையாக நிற்கிறார்கள். நான் ஒரு கல்லூரி நூலகத்தில் 26 வருடம் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்தப் படங்களில் நான் முதலில் தேடுவது பின்னால் தெரியும் கண்ணாடிப் பெட்டியை. அதில் பூட்டு தொங்குகிறதா இல்லையா?

போன ஜூலையில் தமிழ்நாடு நாளையொட்டி எங்கள் தருமபுரி மாவட்டத்தில் ஒரு கல்லூரிக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம், எல்லாரும் பழகியவர்கள். தகடூர் அதியமானை வைத்துக் காட்சி. தெர்மகோலில் கோட்டை, தட்டில் களிமண் நெல்லிக்காய், நடுவில் கண்ணாடிக்குள் புறநானூறு, 91ஆம் பாட்டில் விரித்தபடி. நெல்லிக்கனியைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் கொடுத்தவனை ஔவை வாழ்த்தும் பாட்டு. ஒரு மாணவி குனிந்து செல்போனில் படம் எடுத்தாள். அப்புறம் தலையைச் சாய்த்து, பக்கத்தின் ஓரம் வழியாக உள்ளே ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தாள். “அடுத்ததும் ஔவையார் பாட்டுதானா சார்?” என்றாள்.

ஆமாம், 92ஆம் பாட்டும் ஔவை அதியமானிடம் சொல்வதுதான். குழந்தையின் மழலை யாழ்போல இனிக்காது, பொருளும் புரியாது, இருந்தாலும் அப்பனுக்கு மனசு இளகும், என் பேச்சும் உனக்கு அப்படித்தான் என்கிறாள். ஒரு தாளைப் புரட்டினால் படித்துவிடலாம். ஆனால் சாவி நூலகரிடம், நூலகர் மேடையில். விழா முடிந்து கேட்டால், “ஒரு வாரம் காட்சி இருக்கும்மா, அப்புறம் வா” என்றார்கள். அந்தப் பெட்டிக்கு நேர் மேலே சுவரில் நூலக அறிவியலின் முன்னோடியான சீர்காழிக்காரர் எஸ். ஆர். ரங்கநாதனின் ஐந்து நூலக விதிகள் பிரேம் போட்டு மாட்டியிருந்தன. 1931இல் அவர் எழுதியதில் முதல் விதியே புத்தகம் பயன்படுத்துவதற்கு என்பதுதான்.

பூட்டுவதற்குக் காரணம் கஞ்சத்தனம் இல்லை, பயம். ஸ்டாக் வெரிபிகேஷனில், அதாவது இருப்புக் கணக்கெடுப்பில், வாங்கிய புத்தகங்களை எண் போட்டுப் பதியும் அக்செஷன் பதிவேட்டையும் ரேக்கையும் வைத்துச் சரிபார்க்கும்போது ஒரு புத்தகம் இல்லை என்றால் பதில் சொல்ல வேண்டியவர் நூலகர். சம்பளத்தில் பிடித்துவிடுவார்களோ என்று தூக்கம் கெட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் மத்திய அரசின் பொது நிதி விதிகளில் (2017) 215ஆவது விதி என்ன சொல்கிறது? வருடத்தில் எடுத்துப் போன, உட்கார்ந்து படித்த புத்தகங்களில் ஆயிரத்துக்கு ஐந்து வரை தொலைவது நியாயமான இழப்பு, நேர்மையின்மையோ அலட்சியமோ இருந்தால் தவிர. அரிய நூலோ ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட நூலோ தொலைந்தால்தான் கட்டாயம் விசாரணை. அது மத்திய அரசு அலுவலகங்களுக்கான விதி, சரி. நம் கல்லூரி நிர்வாகங்களும் இதே மாதிரி ஒன்றை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் பாதிப் பூட்டுகள் தானாகத் திறந்துவிடும். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்புக்குக் காட்ட எடுக்கும் போட்டோவில் பூட்டு இல்லாததால் மதிப்பெண் குறைந்துவிடப் போவதில்லை.

எங்கள் நூலகத்தில் ஒரு வருடம் மாம்பழக் காட்சி வைத்தோம். சீசன் சூடுபிடிக்கும்போது கல்லூரிக்கு லீவு, அதனால் திறந்த முதல் வாரத்திலேயே வைத்துவிட்டோம். பெங்களூரா ரகம் வரத்து இருந்த நேரம். ஒரு கூடையில் நாலைந்து பழம், சுற்றித் தோட்டக்கலைப் புத்தகங்கள். கண்ணாடி கிடையாது, வெறும் மேசை. பிடித்ததை அப்போதே கவுண்டரில் பதிந்து எடுத்துப் போகலாம், அது இருந்த இடத்தில் “வெளியே போயிருக்கிறது” என்று ஓர் அட்டையும் திரும்பும் தேதியும் வைப்போம். வெள்ளிக்கிழமைக்குள் மேசையில் புத்தகத்தைவிட அட்டைதான் அதிகம். காரிமங்கலம் பக்கத்து மாணவி ஒருத்தி ஒட்டுக்கட்டுவது பற்றிய புத்தகத்தை அப்பாவுக்காக வாங்கிப் போய்ப் பன்னிரண்டு நாள் தாமதமாகக் கொண்டுவந்தாள். நெருக்கு ஒட்டுப் பக்கத்தில் மாம்பால் சொட்டிக் கறுத்திருந்தது. அபராதம் வாங்கினேன், அது விதி. கறையைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

நூலக வார விழாவுக்கு ஒரு தடவை தெருக்கூத்துக் கலைஞர் ஒருவரை அழைத்தோம். கிரீடத்தையும் தோளில் கட்டும் புஜகீர்த்தியையும் மேசையில் பரப்பி, ஒவ்வொன்றையும் மாணவர்கள் கையில் கொடுத்துத் தூக்கிப் பார்க்கச் சொன்னார். திரௌபதி அம்மன் கோயிலில் பதினெட்டு நாளும் கூத்துப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், மறுநாள் வில்லிபாரதம் கேட்டு வந்தார்கள். எங்களிடம் இருந்த ஒரே பிரதியில் “ரெபரன்ஸ்” என்று சிவப்பு ஸ்டிக்கர், வீட்டுக்கு இரவல் தர முடியாது. ஒட்டியது நான்தான், அதனால் யாரையும் குறை சொல்ல எனக்கு முழு உரிமை இல்லை.

நவம்பர் 14 முதல் 20 வரை மறுபடியும் தேசிய நூலக வாரம் வரும். அதற்குள் நூலகர்கள் ஒன்று செய்யலாம். காட்சிக்கு வைக்கும் ஒவ்வொரு நூலுக்கும் இரவல் தரும் பிரதி ஒன்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளட்டும். இல்லாவிட்டால் அந்த நூல் பெட்டிக்குள் போக வேண்டாம். பழைய பதிப்பாக, தாள் நொறுங்கும் நூலாக இருந்தால் பூட்டட்டும், பக்கத்தில் நகல் எடுத்து வைக்கட்டும்.

அந்த மாணவிக்கு என் வீட்டிலிருந்த புறநானூற்றைக் கொடுத்தனுப்பினேன். மாதங்கள் ஆகின்றன, இன்னும் திரும்பவில்லை. இந்தத் தடவை அபராதம் போடும் வேலை எனக்கு இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரி நூலக உதவியாளர்,
தருமபுரி