பிரேக் டிஸ்க்கை அளக்காமல் கடையவும் வேண்டாம், தூக்கிப் போடவும் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காரைக்குடியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்புத் தட்டுதான் பிரேக் டிஸ்க். சுற்றுவட்டாரத்து மெக்கானிக்குகள் கழற்றி அனுப்பும் கார் பிரேக் டிஸ்க்குகளைக் கடைந்து, அதாவது லேத்தில் மேல்பரப்பைச் சீவிச் சமப்படுத்திக் கொடுப்பதும் என் வேலைகளில் ஒன்று. கார்க்காரர் மெக்கானிக்கிடம் பேசுகிறார், மெக்கானிக் என்னிடம் பேசுகிறார். டிஸ்க்கை அளந்தது யார் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இல்லை. கடைந்தால் போதும் என்கிற டிஸ்க் பழைய இரும்புக் கடைக்குப் போகிறது. பழைய இரும்புக்குப் போக வேண்டியது கடைசலுக்கு வருகிறது. பிள்ளையார் நோன்புக்கு ஊருக்கு வருகிறவர்கள், மழைக்காலம் முழுக்க ஷெட்டில் நின்ற காரை வெளியே எடுக்கும் நாள் நெருங்குகிறது. அதற்கு முன்னால் இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

போன வருடம் மழை விட்ட கையோடு பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி வீட்டுக் காரின் முன் டிஸ்க் இரண்டும் என்னிடம் வந்தன. பிள்ளைகள் வெளிநாட்டில். ஐப்பசி, கார்த்திகை முழுக்க வண்டி நகரவில்லை. எடுத்து ஓட்டியதும் பிரேக் மிதித்தால் பெடல் காலைத் தட்டுகிறது, ஸ்டீயரிங் உதறுகிறது. டிஸ்க் போய்விட்டது, புதிதுதான் போட வேண்டும் என்று ஓரிடத்தில் சொல்லிவிட்டார்கள். ஆச்சி என்னைப் போனில் பிடித்தார். “தம்பி, அவுக சொல்றது சரியாவும் இருக்கலாம். ஆனா ஒங்க கண்ணால ஒரு தடவ பாத்துட்டுச் சொல்லுங்க.”

பார்த்தேன். வண்டி நின்ற இடத்திலேயே நின்றதால், பிரேக் மிதிக்கும்போது டிஸ்க்கை இரு பக்கமும் அழுத்தும் பிரேக் பேட் கவ்வியிருந்த இடத்தில் அதே வடிவத்தில் ஒரு கறுப்புத் துருத் திட்டு. சுற்றியிருக்கும் மேல்துரு நாலு தடவை பிரேக் மிதித்தால் போய்விடும். இந்தத் திட்டு போகாது. அந்த இடத்தில் லேசாக அரித்திருந்தது. சக்கரம் ஒவ்வொரு சுற்று சுற்றும்போதும் பேட் அதில் ஏறி இறங்குகிறது. பெடல் தட்டுவது அதனால்தான்.

டிஸ்க்கின் நடுக்கிண்ணத்திலோ வெளி விளிம்பிலோ ‘மின்’ (MIN) என்ற ஆங்கில எழுத்துகளோடு ஓர் எண் பொறித்திருக்கும். துருவைத் தேய்த்தால்தான் தெரியும். இதற்குக் கீழே தேயக்கூடாது என்று தயாரிப்பாளர் வைத்த தடிமன் அது. ஆச்சி வீட்டு டிஸ்க்கில் 20 மி.மீ. என்று இருந்தது. புதிதாக இருந்தபோது அது 22. தடிமனை நுணுக்கமாக அளக்கும் மைக்ரோமீட்டரை விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே வைத்துச் சுற்றிலும் எட்டு இடத்தில் அளந்தேன். திட்டு இருந்த இடத்தில் 21.49, மற்ற இடங்களில் 21.55 வரை. தலைமுடியின் கனம்கூட இல்லாத வித்தியாசம்தான், ஆனால் பெடலை உதற வைக்க அதில் பாதியே போதும். இரண்டு பக்கமும் சமமாகக் கடைந்து, திட்டு மறைந்தபோது 21.26 நின்றது. குறைந்தபட்ச அளவுக்கு மேல் இன்னும் ஒன்றேகால் மில்லிமீட்டர் இருக்கிறது. அந்த டிஸ்க்குகளுக்கு இன்னும் நல்ல ஆயுசு உண்டு.

இரும்பு அரிப்பை ஆராய்கிற சிக்ரி நம் ஊரில்தான் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய நிறுவனம். அப்படிப்பட்ட ஊரில், துருவைக் கண்டதுமே டிஸ்க் போச்சு என்று முடிவு கட்டுவதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

இதற்கு நேர்மாறான கதைதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. ஆத்தங்குடி, கானாடுகாத்தான் என்று சுற்றுலா வருகிறவர்களை ஏற்றி ஓட்டும் தம்பி ஒருவர் டிஸ்க்கோடு நேரில் வந்தார். செம்மண் சாலைப் பொடி பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் போய், நகம் சிக்குகிற அளவுக்கு வரிவரியாக அறுத்திருந்தது. அவர் இரண்டு வாய்க்கு நடுவில் வைத்து அளக்கும் வெர்னியர் அளவுகோலில் அளந்து பார்த்து, 20.6 இருக்கிறது, தாராளம் என்று நம்பிக்கொண்டிருந்தார். தேயாத விளிம்பு வரப்பு மாதிரி உயர்ந்து நிற்கும். வெர்னியரின் வாய் அந்த வரப்பின் மேல்தான் உட்காரும். உள்ளே மைக்ரோமீட்டர் வைத்தால் 20.08. டிஸ்க்கில் போட்டிருந்த எண் 20.

அளவு இன்னும் 20-க்கு மேல்தானே என்றார். இப்போது இருக்கும் தடிமன் கணக்கில்லை. கடைந்து முடித்த பிறகு எவ்வளவு நிற்கும் என்பதுதான் கணக்கு. அந்த வரிகள் போக வேண்டுமானால் பக்கத்துக்கு 0.2 மி.மீ. எடுக்க வேண்டும், 19.7-க்கு இறங்கிவிடும். அதற்கப்புறம் பேட் தேய்க்கிற தேய்மானம் வேறு. “லேசா ஒரு கட் குடுத்துருங்கண்ணே, கொடைக்கானல் டிரிப் ஒண்ணு இருக்கு, வந்து புதுசு போட்டுக்கிறேன்” என்றார். கொடைக்கானல் என்று சொன்னதாலேயே முடியாது என்றேன்.

காரைக்குடியிலிருந்து தேவகோட்டைக்கும் திருப்பத்தூருக்கும் ஓட்டுகிற வரை சமதளம், டிஸ்க் அவ்வளவாகச் சூடாவதில்லை. மலை இறங்கும்போது அப்படியில்லை. வண்டியின் வேகமெல்லாம் சூடாக மாறி அந்த இரும்பில்தான் போய்ச் சேர்கிறது. இரும்பு குறைந்தால் அதே சூட்டுக்கு டிஸ்க் இன்னும் காய்கிறது. அந்தக் காய்ச்சல் பேட் வழியாக பிரேக் ஆயிலுக்குப் போகிறது. டாட் 3 என்ற தரத்துப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் உறிஞ்சிய பிறகு தரக் கணக்கே 140 டிகிரிதான். கொதித்துக் குமிழி விட்டால் பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. டிஸ்க்கும் பேடும் சேர்ந்து மெலிந்தால் பேடைத் தள்ளும் கேலிப்பர் பிஸ்டனும் அளவுக்கு மீறி வெளியே வந்துவிடும். பின்சீட்டில் ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கும். அந்தத் தம்பி அன்றைக்கே ஜோடியாகப் புது டிஸ்க் வாங்கிப் போட்டுவிட்டுத்தான் மலை ஏறினார். ஒரு பக்கம் மட்டும் மாற்றலாமா என்று சிலர் கேட்பார்கள்; கூடாது, வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

விரிசல் விளிம்பு வரை ஓடியிருந்தாலும், சூட்டில் நீலம் பாரித்த புள்ளிகள் இருந்தாலும் அளவு எவ்வளவு இருந்தாலும் மாற்றித்தான் ஆக வேண்டும். நீலம் பாரித்த இடத்தில் இரும்பு கெட்டிப்பட்டிருக்கும். மேலே கடைந்தாலும் கீழே அந்தக் கெட்டி அப்படியே இருக்கும், கொஞ்ச நாளில் உதறல் திரும்பி வரும்.

கடையவே தேவையில்லாமல் வருகிற டிஸ்க்கும் ஏராளம். புது பேட் போட்டால் கூடவே கடைய வேண்டும் என்று ஒரு வழக்கம் பரவியிருக்கிறது. டிஸ்க் அளவில் சமமாக, வழவழப்பாக இருந்தால் கை வைக்காமல் விடுவதே நல்லது. ஒவ்வொரு கட்டும் அதன் ஆயுசிலிருந்து எடுப்பதுதான். உதறல் என்று வருகிற பலவற்றில் டிஸ்க் நன்றாகவே இருக்கும். அது உட்காருகிற ஹப் என்ற சக்கர மையப் பாகத்தின் முகத்தில் துருப் பொருக்கு இருக்கும், அல்லது சக்கர நட்டுகளை ஒன்றை விட்டு ஒன்று எதிரெதிராக முடுக்காமல் ஸ்பேனரில் பைப்பை மாட்டி ஏறி மிதித்திருப்பார்கள். கம்பி பிரஷ் போட்டு ஹப்பைத் தேய்த்து, டிஸ்க்கைத் திரும்ப மாட்டி, சுற்றும்போது ஆடுவதை முள்ளில் காட்டும் டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். ஆட்டம் 0.05 மி.மீ.-க்குள் இருந்தால் டிஸ்க் மேல் குற்றமில்லை. வரம்பு வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும், சர்வீஸ் புத்தகத்தில் போட்டிருப்பார்கள்.

என் சக டர்னர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஹப் உட்காரும் முகத்தைச் சுத்தம் செய்யாமல் லேத்தில் மாட்டாதீர்கள். அந்த அழுக்கு எவ்வளவோ அவ்வளவு கோணலாகத்தான் கட் விழும். கடைசிக் கட்டை மெதுவாக விடுங்கள். முடித்ததும் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்துக் கொடுங்கள். இரும்புத் தூளோடு மாட்டினால் அது புது பேடில் ஏறிக் கத்தும்.

நான் ஒரு டிஸ்க் கடைய வாங்குவது 300 ரூபாய். சின்னக் காருக்கே புது ஜோடி சில ஆயிரம் ஆகும். இந்த வித்தியாசம் இரண்டு பக்கமும் ஆசை காட்டும்: கார்க்காரருக்குக் கடைந்துவிடலாம் என்று, கடைக்காரருக்குப் புதிது விற்கலாம் என்று. அதனால்தான் கேட்கிறேன்: பிரேக் வேலை செய்யும் ஒவ்வொரு பட்டறையும் பில்லில் இரண்டு எண்களை எழுத வேண்டும். டிஸ்க்கில் பொறித்த குறைந்தபட்ச அளவு ஒன்று, கடைந்த பிறகோ கடையாமல் விட்ட பிறகோ நிற்கும் அளவு ஒன்று. பின்சக்கரத்தில் டிஸ்க்குக்குப் பதில் டிரம் பிரேக் இருந்தால் அதிலும் ஓர் எண் உண்டு, அது உள்விட்டத்தின் உச்ச வரம்பு, அதையும் எழுதலாம். வாடகை வண்டிகள் எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறையும் அதற்கு மேல் வருடா வருடமும் எஃப்சி என்ற தகுதிச் சான்றுக்குப் போகின்றன. டிரைவர் தம்பிகள் அதற்கு முன்பாக இந்த எண்களைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதித் தர மறுக்கும் இடத்தில் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு மைக்ரோமீட்டர் இருக்கிற எந்த லேத் பட்டறைக்கும் போகலாம். என் பட்டறைக்கு வந்தால் அளந்து தாளில் எழுதிக் கொடுக்கிறேன். அளப்பதற்குக் காசு வேண்டாம்.

இப்படிக்கு,
லேத் பட்டறை உரிமையாளர்,
காரைக்குடி.