கவிதாவின் ஊசி பற்றி

அன்புள்ள சேகர்,

பதில் போடத் தாமதமானதற்கு நீயும் திட்டாதே, அதற்கு ரகு ஒருவன் போதும். இங்கே எல்லோரும் சௌக்கியம்.

கவிதாவின் ஆஸ்துமாவுக்கு அலர்ஜி ஊசி, அதாவது ஆகாத பொருளின் சாற்றையே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி உடம்பைப் பழக்குகிற ஊசி, போடலாம் என்கிறாராம் டாக்டர். ஒரு ஆய்வு பலன் உண்டு என்கிறது, இன்னொன்று இல்லை என்கிறது, ஆக எல்லாமே ஏமாற்று என்று நீ தீர்ப்பும் எழுதிவிட்டாய். கேள்வித்தாளைப் படிக்காமலே பதில் எழுதுகிற பழக்கம் உன்னை விடவே இல்லையடா!

நீ சொல்லும் 1997 ஆய்வையே பார். வருடம் முழுக்க ஆஸ்துமா உள்ள 121 பிள்ளைகள். பல அலர்ஜிப் பொருட்களின் சாற்றைக் கலந்து, இரண்டு வருடத்துக்கும் மேல் ஊசி போட்டார்கள். கூடவே மருந்தும் கண்காணிப்பும் கறாராக நடந்தன. அதனால் ஒப்பிட்டுப் பார்க்கச் சாறில்லாத வெறும் ஊசி போடப்பட்ட பிள்ளைகளும் தேறிவிட்டார்கள். அப்புறம் நிஜ ஊசிக்குக் காட்ட என்ன மிச்சம் இருக்கும்?

2016-ல் வேறு விதமாகச் செய்தார்கள். வீட்டுத் தூசிப்பூச்சி அலர்ஜி மட்டும், 800-க்கு மேற்பட்ட பெரியவர்கள், ஊசிக்குப் பதில் அதே வைத்தியம் நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையாக. இன்ஹேலர் ஸ்டீராய்டைக் குறைத்து, பிறகு நிறுத்தி, யாருக்கு மூச்சிரைப்பு முற்றுகிறது என்று கவனித்தார்கள். மாத்திரை எடுத்தவர்களுக்கு அந்த ஆபத்து குறைவாக இருந்தது. ஆனால் அன்றாட வாழ்க்கை எப்படி என்று கேட்ட கேள்விகளில் பெரிய வித்தியாசமில்லை. ஒரே ஆய்வு, எதை அளக்கிறாய் என்பதைப் பொறுத்து இரண்டு பதில்!

மகரந்த ஆய்வென்றால் இன்னும் தொல்லை. அந்த வருடம் மகரந்தம் குறைவென்றால் மருந்தில்லாதவனும் நன்றாகவே இருப்பான். சாற்றின் வீரியமும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. தோலில் குத்திப் பார்த்துத் தடித்தால் மட்டும் நுரையீரலைப் படுத்துவதும் அதுதான் என்று சொல்லிவிட முடியாது. வைரஸ் சளியில் வருகிற இரைப்புக்கு இந்த ஊசி என்ன செய்யும்?

விளையாட்டை விட்டுச் சொல்கிறேன். 1986-ல் பிரிட்டனில் இந்த ஊசியால் நேர்ந்த மரணங்களைப் பார்த்து எச்சரிக்கை விட்டார்கள். விவரம் தெரிந்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் ஆஸ்துமாக்காரர்கள். அதனால்தான் கட்டுக்கடங்காத கடும் ஆஸ்துமா உள்ளவர்களைப் பெரும்பாலும் ஆய்விலேயே சேர்ப்பதில்லை. முன்னேற்றம் தெரிய அதிக இடமிருப்பதும் அவர்களிடம்தான், என்ன செய்ய?

கவிதாவுக்கு உண்மையில் எது ஆகவில்லை, மூச்சிரைப்பு இப்போது கட்டுக்குள் இருக்கிறதா, இந்த இரண்டையும் டாக்டரிடம் கேள். சரி என்றால் மூன்று வருடமாவது தொடர வேண்டியிருக்கும். போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்காரச் சொல்வார்கள். உன் வழக்கமான அவசரத்தில் அவளைக் கிளப்பிக்கொண்டு வந்துவிடாதே.

உன்,
மூர்த்தி