லாக் புக்கில் எழுதாதது

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. எதையும் படிக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்த நாட்களிலேயே நீ செய்தித்தாளைப் பிரித்துவிட்டாய் போலிருக்கிறது, திருந்தவே மாட்டாய். நம்மோடு விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டவன் மேகத்துக்குள் போய் மலைச்சரிவில் மோதிய செய்தியை நானும் அன்றைக்குத்தான் பார்த்தேன். படத்தில் இருந்த வால்பகுதியைப் பார்த்துவிட்டு அன்று முழுக்க எதிலும் மனம் ஓடவில்லை.

"400 மணி நேரம் பறந்தவனுக்கு இதுகூடவா தெரியாது? முட்டாள்" என்று எழுதியிருக்கிறாய். கோபம் புரிகிறது. அந்தச் சொல்லைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அப்புறம் சொல்கிறேன்.

பயிற்சிக் காலத்தில் நம் பயிற்றுநர் அடிக்கடி சொல்லும் 178 வினாடிக் கணக்கு ஞாபகம் இருக்கிறதா? 1954-ல் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் செய்த சோதனை. விமானத்தின் சாய்வையும் உயரத்தையும் வேகத்தையும் காட்டும் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கத் தெரியாத 20 விமானிகளை, வெளியே எதுவும் தெரியாதபடி செய்து ஓட்டவிட்டார்கள். 20 பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். ஒருவர் தாக்குப்பிடித்தது 20 வினாடிதான். சராசரி 178 வினாடி, மூன்று நிமிடம்கூட இல்லை. நீ பின்வரிசையில் உட்கார்ந்து "நான் இருந்திருந்தால் நாலு நிமிடம்" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டாய். அந்தச் சோதனையின் மறுபாதியை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. அதே ஆட்களுக்குக் கருவிகளைப் பார்த்து நிதானமாகத் திரும்பி வரும் முறையைக் கொஞ்ச நேரம் கற்றுக்கொடுத்ததும் அநேகமாக எல்லோரும் பத்திரமாகத் திரும்பிவிட்டார்கள்.

மேகத்துக்குள் நடப்பதைத் தரையில் இருக்கும் யாருக்கும் விளக்குவது கஷ்டம். உனக்குத் தெரியும். விமானம் மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்து திரும்பிக்கொண்டே இருந்தால், காதுக்குள் இருக்கும் திரவமும் 20 வினாடிக்குள் அந்தச் சுழற்சிக்குப் பழகிவிடுகிறது. நேராகப் போகிறோம் என்று உடம்பு சத்தியம் செய்கிறது. கருவியைப் பார்த்து இறக்கையை நேராக்கினால், இப்போது எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டோம் என்று அதே உடம்பு அலறுகிறது. அதை நம்பிப் பழைய சாய்வுக்கே போகிறோம். மூக்கு இறங்குகிறது, வேகம் கூடுகிறது. உயரம் குறைகிறதே என்று, மூக்கைத் தூக்கும் கட்டுப்பாட்டுக் கம்பை இழுத்தால் சுழல் இன்னும் இறுகத்தான் செய்யும்.

மணிக்கணக்கும் இங்கே காப்பாற்றுவதில்லை. 2020 ஜனவரியில் கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் பயணம் செய்த ஹெலிகாப்டரை ஓட்டியவர் 8,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். கருவிகளைப் பார்த்துப் பறக்கும் தகுதியும் அவருக்கு இருந்தது. மேகத்தைத் தாண்டி 4,000 அடிக்கு ஏறுவதாக வானொலியில் சொல்லிக்கொண்டிருந்தபோதே ஹெலிகாப்டர் இடதுபக்கம் திரும்பிக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது என்கிறது விசாரணை. ஒன்பது பேர் போனார்கள். அவர் பொய் சொல்லவில்லை, ஏறுவதாகத்தான் அவருக்குத் தோன்றியிருக்கும்.

சரி, அந்த மேகத்துக்குள் ஏன் போகிறார்கள் என்பதுதான் உன் கேள்வி. மோசமான வானிலை சுவர் மாதிரி எதிரில் வந்து நின்றால் எவனும் போகமாட்டான். மேகம் கொஞ்சம் தாழ்கிறது, நாமும் 200 அடி இறங்குகிறோம். இன்னும் கொஞ்சம் தாழ்கிறது, இன்னொரு 200 அடி. கீழே சாலை தெரிகிறது, அது போதும் என்று நினைக்கிறோம். போய்ச் சேர இருபது நிமிடம்தான் பாக்கி. அங்கே யாரோ காரோடு காத்திருக்கிறார்கள். பாதி வழியில் சுலபமாகத் தோன்றும் திரும்பல், முக்கால் வழி வந்தபின் தோல்வி மாதிரி தோன்றுகிறது.

இப்போது அந்தக் காரணம். உரிமம் வாங்கிய இரண்டாம் வருடம், ஒரு உறவினரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பள்ளத்தாக்கு வழியாகப் போனேன். இரண்டு பக்க மலைகளின் உச்சியும் மேகத்தில் மறைந்திருந்தது. எதிரே சாம்பல் நிறத்தில் ஒரு வெளிச்சம். அதுதான் வழி என்று முடிவு செய்துவிட்டேன். நண்பா, நான் பயப்படவே இல்லை. பயந்திருந்தால் இதைச் சொல்லக் கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும். அந்த நேரம் பார்த்து அவர் என் தோளைப் பிடித்து, வயிற்றைப் பிரட்டுகிறது, உடனே இறக்கு என்றார். அடுத்த நொடி என் மடிமேலேயே வாந்தி. எரிச்சலோடு, அவரைத் திட்டிக்கொண்டே திரும்பினேன். நாங்கள் தரையிறங்கிக் கால் மணி நேரத்தில் அந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் மூடிவிட்டது என்று பின்னால் வந்து இறங்கியவர் சொன்னார்.

மறுநாள் பயிற்றுநர் என்னை எல்லோர் முன்னாலும் பாராட்டினார். நீயும் அங்கே இருந்தாய், கைதட்டினாய். நம் நண்பனும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "எப்படித் திரும்ப மனசு வந்தது?" என்று அப்புறம் தனியாகக் கேட்டான். ஏதோ அனுபவசாலி போல நாலு வார்த்தை சொல்லி அனுப்பினேன்.

ஒவ்வொரு பறப்பையும் குறித்துவைக்கும் அந்த லாக் புக்கை நேற்று தேடி எடுத்தேன். அந்தத் தேதிக்கு எதிரே என் கையெழுத்தில் "வானிலை காரணமாகத் திரும்பினேன்" என்றுதான் இருக்கிறது.

அவன் மனைவியைப் பார்க்க அடுத்த மாதம் போகலாம் என்றிருக்கிறேன். கண் சரியாகிவிட்டால் நீயும் வா.

அன்புடன்,
உன் பழைய நண்பன்